நக்கவாரக் கரையில் பண்டமாற்றும் பணிவும்

வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவராய், ஒரு மொழியைப் பகிர்ந்துகொள்ளாதவராய் இருக்கும்போது, அவர்களிடையே பணிவு எதில் உறைகிறது என்னும் வினாவை மொழியியலார் மிகுதியாக எழுப்பியதில்லை. பணிவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லில் தொடங்கிச் சொல்லிலேயே முடிகின்றன. தமிழைப் பொறுத்தவரை நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலைப் பெயர்களின் ஏற்றத்தாழ்வு, ஏவல் வினையின் பன்மை ஈறு, அண்ணன், ஐயா, அம்மா முதலான விளிகள் ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பெனிலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்டு 1987-இல் தனிநூலாக்கிய பணிவுக் கோட்பாடு சான்றுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழும் அடங்கும். அக்கோட்பாட்டின் நடுக்கருத்தாகிய 'முகம்' தமிழர்க்குப் புதியதன்று. முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தில் அடித்தாற்போல் சொல்லுதல், முகதாட்சணியம் பார்த்தல் என வழக்குமொழி அதனை முன்னரே அறிந்துவைத்துள்ளது.

எனினும் முகம் சொல்லால் மட்டுமே காக்கப்படுவதன்று. இதனைச் சோதித்துப் பார்க்கப் பழம்பொருள் வாணிகம் ஏற்ற களமாகும். புதிய பொருளுக்குக் கடை உண்டு, விலைச்சீட்டு உண்டு, பழுது தோன்றினால் திருப்பிக் கொடுக்க வழியும் உண்டு. ஒருவர் பயன்படுத்திக் கழித்த பொருளுக்கு இவை பெரும்பாலும் இல்லை. அதன் குறையை விற்பவரே அறிவார். இவ்வறிவுச் சமனின்மையைப் பொருளியலார் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைக் காட்டி விளக்கினார். மொழியியல் நோக்கில் அது வேறொரு சிக்கலாகிறது. 'இதில் பழுது ஏதேனும் உண்டா?' என்று கேட்பது விற்பவரின் நேர்மையை ஐயுறுவதாகும். கேளாதிருப்பது வாங்குபவர் தமக்குத்தாமே இழைத்துக்கொள்ளும் தீங்காகும். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் வழக்கம் மறைபொருளுக்காக ஏற்பட்டதாகவே கூறப்படும். ஆயினும் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. குறைத்துக் கேட்டதும் மறுத்ததும் வாய்ச்சொல்லாக வெளிவராமையால் இருவர் முகமும் வாடுவதில்லை.

இவ்வகைச் சொல்லிலாப் பணிவின் வரலாற்றை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் காலத்திற்குத் தொடர்ந்து காணக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். முதலாம் இராசேந்திரனின் 1030-ஆம் ஆண்டையொட்டிய தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபார், வங்கக்கடலைக் கடக்கும் கப்பல்கள் தண்ணீரும் தேங்காயும் நாடி ஒதுங்கும் இடமாக இருந்தது. வந்தவர்கள் பலர் எழுதிவைத்தனர். தீவினர் எழுதவில்லை. ஆதலின் கிடைக்கும் சான்றுகள் யாவும் ஒரு பக்கத்தார் கூற்றே என்பதை மறவாமல் அவற்றைப் படித்தல் வேண்டும்.

இரும்பும் தேங்காயும்

சீனத் துறவி இ-சிங் ஏழாம் நூற்றாண்டின் எழுபதுகளில் கடாரத்திலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்தபோது ஆடையற்றோர் நாடு ஒன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். அது நிக்கோபார் என்பதே பெரும்பாலோர் கருத்து. கப்பலைக் கண்டதும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தோணிகள் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு, மூங்கிற் பொருள்களும் ஏற்றிக்கொண்டு எதிர்வந்தன. அம்மக்கள் விரும்பியது இரும்பு ஒன்றையே. இருவிரல் அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்தது. கப்பலில் இருப்போர் மாற்றுக்கு உடன்படாவிட்டால் நச்சம்பு எய்வர் என்றும் அவர் குறிக்கிறார்.

கி.பி. 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூலாகிய 'அக்பார் அஸ்-ஸீன் வல்-ஹிந்த்' இதே தீவுகளை லங்கபாலூஸ் என்று பெயரிட்டுப் பேசுகிறது. தீவினர் தோணிகளில் வந்து அம்பரையும் தேங்காயையும் தந்து இரும்பு பெற்றனர். துணி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மொழி விளங்காமையால் மாற்று முழுவதும் கைச்சைகையால், கைக்குக் கையாக நடந்தது. அவர்கள் நீந்துவதில் வல்லவர்கள். சிலவேளை வணிகரிடமிருந்து இரும்பைப் பறித்துக்கொண்டு ஈடு ஒன்றும் தராமல் போய்விடுவர் என்றும் அந்நூல் கூறும்.

இவ்விரு குறிப்புகளையும் மேலோட்டமாகப் படிப்போர்க்கு அம்பெய்வோரும் பறிப்போரும் தென்படுவர். மொழியியலார் வேறொன்றைக் காணல் வேண்டும். இ-சிங் கூறுவதில், தோணியில் எதிர்கொண்டு பொருளை நீட்டுவது முதற்செயல்; அதற்குரிய மறுசெயல் ஏற்றலே. ஏலாமை வாணிக மறுப்பாக அன்றி உறவு மறுப்பாக, அதாவது பகையாகக் கொள்ளப்பட்டது. விலை படியாவிட்டால் போய்வா என்று சொல்லும் சந்தை மரபு அங்கு இல்லை. அதைச் சொல்லப் பொதுமொழியும் இல்லை. அரபு நூல் 'பறித்தல்' என்று சொல்வதிலும் ஓர் ஐயத்திற்கு இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிக்கோபார் வாணிகத்தில் அயல்வணிகர் தம் பொருளை முன்னதாகவே கொடுத்துவிட்டுத் தேங்காய்க்குப் பின்னர்க் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. முன்கொடை, பின்ஈடு என்னும் அம்முறை ஒன்பதாம் நூற்றாண்டிலும் இருந்திருக்குமாயின், பெற்றுக்கொண்டு கரைசென்ற தீவினரைக் காத்திராத மாலுமி கள்வர் என்றே எழுதியிருப்பார். பயண நூல்களில் வரும் வினைச்சொற்களை மொழிபெயர்ப்போர் இத்தகைய இடங்களில் சற்றே நின்று போதல் நன்று.

தமிழில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு கதை மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் உள்ளது. பொருளிழந்த சாதுவன் வங்கமேறி வாணிகத்திற்குச் செல்லுங்கால் கலம் கவிழ்கிறது. மரத்துண்டு ஒன்றைப் பற்றி நாகர் மலைக் கரையில் ஒதுங்குகிறான். ஆடையற்ற நாகர்கள் அவனைத் தின்னக் கருதி நெருங்குகின்றனர். அவன் அவர்கள் மொழியிலேயே பேசத் தொடங்கியதும் அவர்கள் வணங்கி விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் விருந்தோம்பக் கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்லுகிறான். சாதுவன் மறுக்கிறான்; மறுத்ததற்குக் காரணமும் கூறுகிறான். முடிவில் தலைவன், முன்னர்க் கலம் கவிழ்ந்து வந்தோரிடமிருந்து கொண்ட சந்தனம், அகில், துகில் முதலியவற்றை அவனுக்கு அளிக்கிறான்.

இக்காட்சியை நிக்கோபாரோடு இணைத்துக் காண்போர் உளர். அவ்விணைப்பு இங்கு இன்றியமையாததன்று. கதையில் கைமாறும் பொருள்கள் யாவும் பிறர் உடைமையாயிருந்த பழம்பொருள்கள் என்பதும், ஏலாமை என்னும் முரட்டுச் செயல் மொழியறிவின் துணையால் மட்டுமே பகையாக மாறாமல் போனது என்பதும் கருதத்தக்கவை. சாதுவன் சொன்ன 'வேண்டா' என்பதற்கு விளக்கம் பின்தொடர்ந்தது. இ-சிங் கண்ட கப்பற்காரர்களால் 'வேண்டா' என்று மட்டுமே காட்ட முடிந்தது.

ஒரு கோடரிக்கு ஒரு தோணி

1688-ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் தம் கப்பலைத் துறந்து பெரிய நிக்கோபாரில் இறங்கினார். அவருடன் இறங்கியோரையும் சேர்த்து எண்மர்; அவர்களுள் நால்வர் ஆச்சே நாட்டினர். தீவைவிட்டு ஆச்சேவுக்குச் செல்லத் தோணி வேண்டும். கையில் காசு இருந்தும் பயனில்லை. உடன்வந்தவர் ஒருவர் இதை முன்னறிந்து கப்பலிலிருந்து ஒரு கோடரியை எடுத்துவந்திருந்தார். அக்கோடரியைக் கொடுத்துத் தீவினரிடம் ஒரு தோணியை வாங்கினர். பயன்பட்ட பொருளுக்குப் பயன்பட்ட பொருள் என்ற அளவில், தீவுகளின் வரலாற்றில் ஆள், இடம், நாள் தெளிவாகத் தெரியும் பழம்பொருள் மாற்றங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

தோணியைக் கடலில் தள்ளிய சிறிது நேரத்தில் அது கவிழ்ந்தது. உடைமைகள் நனைந்தன, டாம்பியர் தம் நாட்குறிப்பை நெருப்பில் காயவைக்க வேண்டியதாயிற்று. ஆச்சே நாட்டினர் இருபுறமும் மிதவைக் கட்டைகள் கட்டிப் பாய்மரம் நாட்டிய பின்னரே தோணி கடலுக்கு ஏற்றதாயிற்று. ஆயினும் விற்றவர் ஏமாற்றினார் என்று டாம்பியர் எழுதவில்லை. தீவினரைத் தீங்கற்றோர் என்றே அவர் குறிக்கிறார். வாங்கியவர் ஏற்றிய சுமைக்கும் அத்தோணிக்கும் பொருத்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மொழி பற்றிய அவரது குறிப்பு இன்னும் பயனுடையது. தீவினர் மொழி தாம் முன்னர்க் கேட்ட எம்மொழியோடும் ஒவ்வாதது. ஆயினும் சில மலாய்ச் சொற்களும் சில போர்த்துகீசியச் சொற்களும் அவர்களிடம் இருந்தன. கப்பலைக் கண்டதும் தோணியில் சென்று ஏறிவிடும் வழக்கத்தால் அவற்றைக் கற்றிருக்கலாம் என்பது அவர் கருத்து. விலை பேசுவதற்கு வேண்டிய சில சொற்கள் இருந்தன. 'இத்தோணி எத்தனை பேரைத் தாங்கும்?' என்று கேட்கவும் விடையளிக்கவும் வேண்டிய மொழி இல்லை. பழம்பொருளின் குறையைச் சொல்ல விலைச்சொற்கள் போதா.

சான்றுத்தாள்

தீவுகளின் வாணிகம் தமிழ்க்கரையோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டது டேனியர் காலத்தில். 1756-இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர் நிக்கோபாரில் குடியேற்றம் அமைக்க முயன்றனர். 1768-இல் தரங்கம்பாடி மொராவிய சபையினர் நான்கௌரியில் பணி தொடங்கினர். காய்ச்சலுக்குப் பலரை இழந்து 1787-இல் அதைக் கைவிட்டனர். அவர்களுள் உயிர்பிழைத்த ஹென்சல் பின்னாளில் எழுதிய மடல்களில், தீவினர் ஓயாமல் வெற்றிலை மெல்லுவதால் அவர்கள் பேச்சு விளங்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். தாம்பூலம் மாற்றி நிச்சயம் செய்யும் நாட்டிலிருந்து சென்றவர்க்கு அதை வேறுவிதமாகவும் பார்த்திருக்க முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேங்காய் வாணிகம் பெருகியது. பர்மியர், மலாயர், சீனர், இந்தியர் எனப் பலரும் ஆண்டுதோறும் வந்தனர். விலைகள் பணத்தில் அன்றித் தேங்காயில் சொல்லப்பட்டன. நிக்கோபாரிய எண்ணுமுறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. தேங்காய் இணை இணையாக எண்ணப்பட்டது. நம்பிக்கை முறிந்த இடங்களில் குருதியும் சிந்தியது. கப்பல்கள் சிலவற்றின் மாலுமிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1867-இல் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கௌரிக்கு அனுப்பப்பட்டன. 1869-இல் பிரித்தானியர் தீவுகளைத் தமதாக்கிக்கொண்டனர். வாணிக முறைமை என்பது அங்கு இன்சொல் பற்றிய செய்தி மட்டுமன்று, உயிர் பற்றிய செய்தியாகவும் இருந்தது.

இச்சூழலில்தான் சான்றுத்தாள் முதன்மை பெற்றது. 1858 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஆஸ்திரியக் கப்பலாகிய நோவாரா இத்தீவுகளுக்கு வந்தபோது, தோணியில் வந்த தீவினர் முன்னர் வந்துபோன கப்பல் தலைவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த தாள்களை எடுத்துக்காட்டினர். இவர் நேர்மையாகத் தேங்காய் மாற்றினார் என்பது போன்ற நற்சான்றுகள் அவற்றில் இருந்தன. எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும் தாள்களும் இவ்வகையில் உண்டு. கொண்டுவந்தவர் தம் கையிலிருப்பது புகழ்ச்சியா, பழிப்பா என்று அறியார். இரண்டையும் ஒரே பெருமிதத்துடன் நீட்டுவார். விற்பவர் பற்றிய தீர்ப்பு விற்பவருக்கே விளங்காத மொழியில் எழுதப்பட்டு, அவராலேயே சுமந்துசெல்லப்பட்டு, அடுத்து வரும் வாங்குவோரால் படிக்கப்பட்டது. பணிவின் வரலாற்றில் இதனைக் காட்டிலும் கொடிய ஏற்பாடு அரிது எனலாம். ஆயினும் அது பயன்பட்டது. முன்பின் அறியாத இருவரிடையே மூன்றாமவரின் சொல் நின்று, அவர்கள் தம்முள் பேசிக்கொள்ள வேண்டியதைக் குறைத்தது.

பெயர்களும் இதே பணியைச் செய்தன. அயலவரோடு பழகும்போது நிக்கோபாரியர் பலர் கப்பல் தலைவர்களும் மாலுமிகளும் இட்ட ஆங்கிலப் பெயர்களைத் தாங்கினர். 'இங்கிலாந்தின் நண்பர்' என்னும் பொருளுடைய தொடரே ஒரு தலைவரின் பெயராக வழங்கியது. கேலிக்காக இடப்பட்ட பெயர்களும் இருந்தன. இதனை வெள்ளையர் பெயர் மீதிருந்த மயக்கம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இறந்தோர் பெயரை உச்சரித்தல் ஆகாது என்னும் கடுமையான விலக்கு நிக்கோபாரியரிடம் இருந்தது. 1883-இல் கமோர்ட்டாவில் கொல்லப்பட்ட டேனியராகிய டி ரோப்ஸ்டார்ஃப், தம் மறைவுக்குப்பின் 1884-இல் வெளிவந்த நான்கௌரி அகராதியில் இதை விரித்துரைத்துள்ளார். பெயரோடு ஒத்தொலிக்கும் பொதுச்சொல்லும் கைவிடப்பட்டு மொழியே மாறும் அளவிற்கு அவ்விலக்கு வலியது. கடன் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் திரும்பிவரும் வணிகர் கணக்கேட்டிலிருந்து பெயர்களை உரக்கப் படிப்பார். அவற்றுள் எது இறந்தவர் பெயர் என்பதை அவர் அறியார். வாணிகத்திற்கென ஒரு தனிப்பெயர் இருந்தால் இந்த இழுக்கு நேராது. அயற்பெயர் ஒரு காப்பாகவும் அமைந்தது எனக் கருத இடமுண்டு.

1869-க்குப்பின் பிரித்தானிய அரசு இம்முறையைத் தனதாக்கியது. ஊர்த்தலைவர்களுக்கு நியமனச் சான்றும் கொடியும் உடையும், வந்துபோகும் கப்பல்களைப் பதிந்துவைக்க ஒரு குறிப்பேடும் வழங்கப்பட்டன. கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் அரசின் முகவராகவும் சமயப் பணியாளராகவும் 1890களின் நடுவிலிருந்து இருந்தவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். அவருடைய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902-இல் இலண்டன் மானிடவியல் கழக இதழில் அச்சாயின. பின்னாளில் பேராயராகி, கார் நிக்கோபாரிய மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்த ஜான் ரிச்சர்ட்சன் அவருடைய மாணாக்கர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் நிக்கோபாரியத்தைக் கற்று, நிகழ்ந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார் என்பது தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பழைய தொப்பியும் பழைய துணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆங்கிலப் பத்திரிகைகளிலும் துணுக்குத் திரட்டுகளிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்றுண்டு. கல்கத்தாவில் கழித்துப்போடப்பட்ட உயரத் தொப்பிகளைத் திரட்டி நிக்கோபாருக்குக் கொண்டுசெல்லும் வாணிகம் பற்றியது அது. கறுப்புப் பட்டை சுற்றிய வெள்ளைத் தொப்பி ஒன்றுக்கு 55 முதல் 65 நல்ல தேங்காய் விலை என்று அச்செய்திகள் கூறும். புதிய தொப்பியைவிடப் பழையதே விரும்பப்பட்டது என்று சொல்லி ஆங்கில வாசகர் நகைத்தனர். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. துணுக்குகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. எனினும் தலைவர்கள் பழைய தொப்பியும் சீருடையும் அணிந்து கப்பலை எதிர்கொண்டனர் என்பதற்குப் பயண நூல்கள் சான்று.

நகைத்தோர் காணாதது ஒன்று. பழையது என்பது அங்கு இழிவுக்குரிய அடைமொழி அன்று. ஏற்கெனவே ஒருவர் அணிந்தது, ஓர் உறவின் தடம் கொண்டது என்றே பொருள்பட்டது எனலாம். அந்தமானியரிடையே 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து 1922-இல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரவுன் இதற்கு நெருங்கிய ஒன்றை விளக்கியுள்ளார். விருந்தினரும் விருந்தோம்புவோரும் சந்திக்கும்போது பொருள்களை மாற்றிக்கொண்டனர். விலை பேசுதல் இல்லை. ஒருவர் கேட்ட பொருளை மறுப்பது முறைகேடு. பெற்றவர் ஒத்த மதிப்புள்ள ஒன்றைத் திருப்பித் தராவிட்டால் மனத்தாங்கல் எழும். ஆதலின் அவர்களிடமிருந்த பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே ஓயாமல் கைமாறிக்கொண்டிருந்தன. மார்செல் மோஸ் கொடை பற்றிய தம் கட்டுரையில் இச்சான்றைப் பயன்படுத்தினார். அச்சமூகத்தில் பழம்பொருள் அல்லாத பொருளே அரிது.

தமிழில் 'கைமாறு' என்னும் சொல் ஈடுசெய்தலைக் குறிக்கிறது. 'கைமாறுதல்' என்பது பொருள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் செல்வதைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே வேரின என்பது வெளிப்படை. அந்தமானியர் வழக்கைத் தமிழில் பெயர்ப்போர்க்கு இச்சொல் கையிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பயணியர் அதே வழக்கை 'இரத்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்ததும், அதைத் தமிழில் பெயர்த்தோர் 'பிச்சை' என்று எழுதுவதும் பொருளைத் தலைகீழாக்குகின்றன. கேட்பது அங்கு உறவைத் தொடங்கும் செயல். திருப்பித் தரும் கடப்பாட்டைத் தானே ஏற்றுக்கொள்ளும் செயல்.

இவ்வேறுபாட்டின் மறுபக்கம் 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னர் தெரிந்தது. நாகப்பட்டினம் முதலிய கரைகளுக்குப் பழந்துணிகள் லாரி லாரியாக அனுப்பப்பட்டன. மீனவர் பலர் அவற்றைத் தொடவில்லை. துணிக் குவியல்கள் சாலையோரங்களில் கிடந்து மழையில் நனைந்தன. நிக்கோபாருக்கும் அங்குள்ள வெப்பத்திற்கு ஒவ்வாத கம்பளங்களும் உடைகளும் சென்றன. அறுபது தேங்காய் கொடுத்துப் பழைய தொப்பியை வாங்கியவர் தலைநிமிர்ந்து நின்றார். ஒன்றும் கொடுக்க இயலாத நிலையில் பழைய சட்டையைப் பெற வேண்டியவர் தலைகுனிந்தார், அல்லது மறுத்தார். துணி அதே பழந்துணிதான். ஈடு செய்யும் வாய்ப்பு இருந்ததா என்பதே முகத்தைக் காத்தது அல்லது கெடுத்தது. அனுப்பியோர் எவ்வளவு இனிய சொற்களைச் சீட்டெழுதி வைத்திருந்தாலும் இது மாறியிராது.

கைப்பேசியில்

சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையிலான கடலடி ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று இயக்கத்திற்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் வழியே மெல்ல ஊர்ந்த இணையம் அதன்பின் அன்றாட வாணிகத்திற்கு ஏற்றதாயிற்று. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் பழம்பொருள் வாணிகத்திற்கு இயல்பாகவே ஏற்ற ஊர். அரசுப் பணியிலும் படைத்துறையிலும் உள்ளோர் சில ஆண்டுகள் இருந்து மாற்றலாகிச் செல்வர். பீரோவையும் குளிர்பெட்டியையும் கப்பலேற்றிச் செல்வதைவிட விற்றுவிட்டுப் போவது எளிது. புதிதாக வருவோர்க்கும் அவை தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர், தமிழ் பேசுவோர் 15, தெலுங்கு பேசுவோர் 13. இந்தியே பொதுமொழி. வாங்குபவரின் மொழி, வயது, பதவி எதுவும் முதற்செய்தியில் தெரிவதில்லை. ஆகவே நீயா நீங்களா என்று தேர்வு செய்யவும் அடிப்படை இல்லை.

இங்கு மீண்டும் பழைய ஏற்பாடுகள் தலைகாட்டுகின்றன. மூன்றாமவரின் சான்று விண்மீன் குறிகளாகிவிட்டது. அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய ஈபே 1996-இல் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொணர்ந்தது. பழிப்புக்குப் பழிப்பு என்று அது மாறியதால், விற்போர் வாங்குவோரைப் பழித்தெழுதும் உரிமையை 2008-இல் நீக்கியது. நோவாராவில் காட்டப்பட்ட தாள்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: இன்று விற்பவர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க முடிகிறது. படிக்க முடிவதாலேயே அவர் வாய்ச்சொல்லில் மிகையான பணிவு காட்டுகிறார் என்பது தனியே ஆராயத்தக்கது.

தோணியில் எதிர்கொள்ளும் முதற்செயலுக்கு ஒப்பாக, முகநூல் சந்தையில் 'இது இன்னும் இருக்கிறதா?' என்னும் பொருளுடைய ஆங்கில வினா முன்கூட்டியே எழுதப்பட்டு நிற்கிறது. வாங்குபவர் விரலால் தொட்டால் போதும். அது எவர் குரலும் அன்று. அதில் விளி இல்லை. மரியாதைப் பன்மை இல்லை. விற்பவர் விடையளிக்காமல் விட்டாலும் முகம் வாடுவதில்லை என்பது அதன் நன்மை. அவ்வாறே அது புறக்கணிக்கப்படுவது அதன் தீமை. தமிழர் பலர் அதைத் தொடாமல் 'அண்ணா, இருக்கா?' என்று தாமே எழுதுகின்றனர். வினையில் 'ங்க' என்னும் ஈறு இல்லாதபோதும் உறவுச்சொல் முன்னே வந்து அமர்ந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் அண்ணனா அக்காவா என்பதே தெரியாமல் எழுதப்படும் அச்சொல், சைகைக் காலத்தில் நீட்டப்பட்ட தேங்காயைப் போன்றது. எண்ணிக்கை பின்னர்ப் பேசப்படும்.

விற்பவர் மறுமொழியில் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க ஓர் இலக்கணச் செய்தி உள்ளது. பொருள் வேறொருவருக்குத் தரப்பட்டுவிட்டால் 'விற்றுவிட்டேன்' என்று எழுதுவோரைவிடப் 'போயிடுச்சு அண்ணா' என்று எழுதுவோரே மிகுதி. தன்மை எழுவாய் மறைந்து பொருளே எழுவாயாகிறது. யாரும் யாருக்கும் மறுக்கவில்லை, பொருள் தானே சென்றுவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் போதும். விற்கப்பட்டது என்பதே அது. அதை மீண்டும் தமிழாக்கும் பொறி 'விற்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையாகவே எழுதுகிறது. போர்ட் பிளேர்க் கடைத்தெருவில் எவரும் அவ்வாறு சொல்லக் கேட்க முடியாது. இல்லை என்னும் சொல்லைத் தவிர்த்துத் 'தீர்ந்துபோச்சு', 'வந்தா சொல்றேன்' என்று பேசும் கடைக்காரர் வழக்கை அறிந்த மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் தன்மை வினைக்கோ செயப்பாட்டுக்கோ செல்லாமல், பொருளைத் தானே நடக்க விடுவார்.